வாலில் ஒரு சிறு தகடு: சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எலிவேட்டர் டிரிம்

இலகுரக விமானத்தின் வாலில் கிடையாக அமைந்த சிறு இறக்கையின் பின்விளிம்பில், கீல்களால் இணைக்கப்பட்டு மேலும் கீழும் அசையும் பகுதிக்கு எலிவேட்டர் என்று பெயர். விமானி ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் அது மேலெழுந்து, வாலைக் கீழே அழுத்தி, மூக்கை உயர்த்தும், முன்னே தள்ளினால் நேர்மாறாக நடக்கும். பறக்கும் வேகம் மாறும்போதும், தொட்டியில் பெட்ரோல் குறையும்போதும், பக்கத்து இருக்கையில் இன்னொருவர் ஏறும்போதும் வால் தரவேண்டிய அழுத்தம் மாறுகிறது. அதற்கேற்ற கோணத்தில் எலிவேட்டரை நிறுத்திவைக்க வேறு ஏற்பாடு இல்லையென்றால், அந்த வேலை முழுவதும் விமானியின் கைக்கு வந்துவிடும். இரண்டு கிலோ விசையை ஒரு நிமிடம் தாங்குவது பெரிய காரியமன்று. அதையே ஒரு மணி நேரம் தாங்கினால் தோள் மரத்துப்போகும். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், நெடுநேரம் தாங்கவேண்டிய இந்த விசைக்கு 10 பவுண்டு, அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோ, என்று உச்சவரம்பு வைத்தன. அந்தச் சுமையைக் கையிலிருந்து இறக்கிவைக்கும் ஏற்பாடே டிரிம்.

சொந்த முயற்சியில் விமானம் கட்டுவது சென்னைக்குப் புதிதன்று. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த கோர்சிகாக்காரரான ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாம் வடிவமைத்த இரட்டையடுக்கு இறக்கை விமானத்தைச் சிம்சன் பட்டறையில் கட்டச் செய்து, 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பறந்து பார்த்து, பின்னர் தீவுத்திடலில் பொதுமக்களுக்கும் காட்டினார். அக்காலத்து விமானிக்கு டிரிம் தகடு என்ற எண்ணமே கிடையாது, கையே எல்லாம். மும்பையில் தம் வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய அமோல் யாதவ், 2017இல் அதற்கு வி.டி.-என்.எம்.டி. என்ற பதிவெண் பெற்றார். இடுக்கியைச் சேர்ந்த சஜி தாமஸ் கட்டிய சிறு விமானம் 2014இல் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில் பறந்தது. சென்னையில் அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம் வட்டாரத்தில் இதற்கான கைத்திறனுக்குப் பஞ்சமில்லை: சைக்கிள் மிதிக்கும் தொலைவில் 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது, ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமோ தேஜஸ் போர்விமானத்துக்கான துணைக்கருவிப் பற்சக்கரப் பெட்டியையே உருவாக்கியது. டிரிம் அமைப்பில் உள்ள கடினம், அங்குள்ள லேத் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மல்லுக்கட்டும் ஒன்றுதான்; பொருந்திய பாகங்களுக்கு இடையிலான அந்தத் தளர்வை அவர்கள் ‘பிளே’ என்பார்கள், தமிழில் ஆட்டம் எனலாம்.

டிரிம் செய்யும் வழிகள் பல. பைப்பர் கப் என்னும் புகழ்பெற்ற பழைய விமானத்தில், விமானி சிறு கைப்பிடியொன்றைச் சுற்றினால் கம்பிவடம் வழியாக ஒரு திருகுதண்டு சுழன்று, வாலின் கிடை இறக்கையையே சற்றே ஏற்றி இறக்கும். அழகான ஏற்பாடு, ஆனால் கட்டி முடித்த விமானத்தில் பின்னால் சேர்ப்பது கடினம். மிக எளிய வழி சுருள்வில்: ஸ்டிக்கின் முன்னும் பின்னும் ஒவ்வொரு வில்லை மாட்டி, அவற்றின் இழுவையை ஒரு நெம்புகோலால் கூட்டிக் குறைத்தால், கை இழுக்கவேண்டியதை வில் இழுத்துக்கொள்ளும். நெம்புகோலை வில்லோடு இணைக்க வேண்டிய கம்பி, உறைக்குள் ஓடும் சைக்கிள் பிரேக் ஒயரின் இனத்தைச் சேர்ந்ததுதான். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அமைந்த அம்பத்தூரில் அதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. வாலில் புதிதாக எதையும் ஒட்டாததால், மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு வில்லே போதுமானது, முதன்முறை கட்டுவோருக்கு அதுவே ஏற்றது; எனினும் கட்டுவோர் பலர் தகட்டையே நாடுகிறார்கள், ஒருவேளை அது பெரிய விமானத்தின் சாயலைத் தருவதாலும் இருக்கலாம்.

தகடு என்பது டிரிம் டேப். எலிவேட்டரின் பின்விளிம்பில் ஒரு பகுதியை வெட்டி, அங்கே தனிக் கீலில் அசையும் சிறு மடலைப் பொருத்துகிறார்கள்; சிறு மின்மோட்டார் ஒன்று தள்ளுதண்டு வழியாக அதை அசைக்கும். மடல் கீழே சாய்ந்தால் காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். எலிவேட்டரின் கீல்கோட்டிலிருந்து மிகத் தொலைவில், பின்விளிம்பிலேயே அது இருப்பதால், நீண்ட கடப்பாரையின் நுனியைப் பிடித்தவர் பாறையைப் புரட்டுவதுபோல, உள்ளங்கையகலத் தகடு எலிவேட்டர் முழுவதையும் மேலே தூக்கிவிடும். இந்தத் தத்துவத்தைக் கப்பல் சுக்கானிலும் விமானத்திலும் பரப்பிய ஜெர்மானியப் பொறியாளர் ஆன்டன் ஃபிளெட்னரின் பெயராலும் இவ்வகை மடல் வழங்குகிறது. இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும்: டிரிம், உயரத்தைப் பிடித்துவைப்பதில்லை, கை எடுத்தபின் விமானம் எந்த வேகத்தில் நிலைகொள்ளும் என்பதையே அது முடிவு செய்கிறது. அதே டிரிமில் எஞ்சினுக்கு விசை கூட்டினால், பெரும்பாலான விமானங்கள் ஏறத்தாழ அதே வேகத்தில் மேலேறத் தொடங்கும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். காற்று வேகமாக ஓடும்போது, தளர்வான கீலில் தொங்கும் எந்தத் தகடும் துணி படபடப்பதுபோல அதிரத் தொடங்கலாம்; அதிர்வு காற்றிலிருந்தே ஆற்றலை உறிஞ்சிக் கண்ணிமைக்கும் நேரத்தில் வளர்ந்து, தகட்டையோ வாலையோ பிய்த்தெறியும். இதற்கு ஃபிளட்டர் என்று பெயர். அதைத் தவிர்க்கும் பழைய அமெரிக்க வழிகாட்டி நெறி, மடலின் பின்விளிம்பில் அளக்கும் மொத்த ஆட்டம், கீலிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில் 2.5 சதவீதத்தைத் தாண்டலாகாது என்கிறது. 60 மில்லிமீட்டர் அகல மடலுக்கு இது ஒன்றரை மில்லிமீட்டர். கேட்கத் தாராளமாகத் தோன்றும் இந்த அளவு, கீலின் ஊசி, தள்ளுதண்டின் இரு முனை, மோட்டாரின் உட்பற்கள் என நான்கு இடங்களுக்குப் பங்கிடப்படும்போது, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மிகச் சொற்பம். 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரெனோ பந்தயத்தில், மாற்றியமைக்கப்பட்ட பி-51 போர்விமானத்தின் இடது எலிவேட்டர் டிரிம் டேப் இப்படி அதிர்ந்து பிய்ந்ததும், விமானம் செங்குத்தாக எழும்பிப் பின் பார்வையாளரிடையே விழுந்து, விமானியும் பத்துப் பேரும் மாண்டார்கள். மடலைப் பிடித்திருந்த திருகுகளின் நட்டுகளில், பிடித்துக்கொள்ளும் உள்வளையம் தேய்ந்துபோயிருந்ததை விசாரணை காட்டியது. பட்டறைகளில் ‘நைலாக் நட்’ என்று சொல்லப்படுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது; கழற்றியதையே மறுபடி மாட்டும் சிக்கன வழக்கத்துக்கு விமானத்தின் வாலில் இடமில்லை.

எடையும் ஆட்டத்தின் தம்பிதான். எலிவேட்டர் தன் கீல்கோட்டில் சமநிறையோடு இருந்தால் ஃபிளட்டருக்கான வாய்ப்பு குறையும். மடலையும் மோட்டாரையும் கீலுக்குப் பின்னே சேர்த்தால் அந்தச் சமநிலை கெடும். மோட்டாரும் இணைப்பும் சேர்ந்து 150 கிராம், கீலுக்கு 200 மில்லிமீட்டர் பின்னே என்று கொண்டால், கீலுக்கு 100 மில்லிமீட்டர் முன்னே 300 கிராம் ஈயம் வைத்தாக வேண்டும். ஆக வாலில் ஏறியது 450 கிராம். விமானத்தின் எடைமையத்துக்கு நான்கு மீட்டர் பின்னால் ஏறிய அந்த எடை, 450 கிலோ விமானத்தின் எடைமையத்தை நான்கு மில்லிமீட்டர் பின்னே நகர்த்துகிறது. சிறு கணக்கு, ஆனால் போடாமல் விடக்கூடாத கணக்கு.

மின்மோட்டாரால் இயங்கும் டிரிமில் இன்னொரு ஆபத்து, பொத்தான் ஒட்டிக்கொண்டு மோட்டார் தன்பாட்டில் ஓடுவது. ஆகவே மோட்டாரின் மின்சாரத்தை ஒரே அசைவில் துண்டிக்கும் சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மடல் கடைக்கோடி வரை போனபின்பும் ஸ்டிக்கைத் தாங்கிக்கொண்டு தரையிறங்க விமானிக்குக் கைவலு போதும்படி, மடலின் கோணத்துக்குத் தொடக்கத்திலேயே எல்லை வகுக்க வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் தரையில் ஒரு சோதனை உண்டு, அதில் ஏமாறுவது மிக எளிது. ‘மூக்கு மேலே’ என்ற பொத்தானை அழுத்தினால் வாலிலுள்ள மடல் கீழே சாய வேண்டும். பின்னால் நின்று பார்ப்பவருக்கு அது தலைகீழாகத் தோன்றும், இரு ஒயர்களையும் மாற்றிப்போடக் கை துறுதுறுக்கும். மடல் சாய்ந்தால் எலிவேட்டர் எழும், எலிவேட்டர் எழுந்தால் வால் தாழும், வால் தாழ்ந்தால் மூக்கு உயரும் என்று ஒவ்வொரு படியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின்னரே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.