பிரித்துத் தைக்கக்கூடிய காலணி

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் தைக்கப்பட்ட ஆண்களுக்கான தோல் ஷூக்களைத் தேடி வாங்கி, துடைத்துச் செப்பனிட்டு, அலமாரியில் பூட்டி வைக்காமல் அன்றாடம் அணிந்து நடப்பவர்கள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் கணிசமாக இருக்கிறார்கள். பழைய நாணயத்துக்கும் அஞ்சல்தலைக்கும் கைபடாமல் இருந்தால்தான் மதிப்பு கூடும். ஷூவின் நிலை வேறு. நெடுங்காலம் பெட்டிக்குள்ளேயே கிடந்த ஷூ, வெளிப்பார்வைக்குப் புதிதுபோல் மின்னினாலும், தோலின் எண்ணெய்ப்பசை வற்றிப்போயிருப்பதால், அணிந்து நடந்த முதல் நாளே மடிப்பில் விரிசல் கண்டுவிடக்கூடும். ஆகவே, சேகரித்ததை அணிந்து பேணுவதே இத்துறையில் முறையான பாதுகாப்பாகிறது.

இந்த ஆர்வத்தை வெறும் பழமை மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஷூக்கள் தைக்கப்பட்ட முறையே அதற்கு அடிப்படை. இன்று விற்பனையாகும் ஷூக்களில் பெரும்பாலானவற்றில் மேற்பகுதியும் சோல் எனப்படும் அடிப்பகுதியும் பசையால் ஒட்டப்படுவதால், சோல் தேய்ந்தாலோ பிளந்தாலோ ஷூவின் ஆயுளும் ஏறக்குறைய அதோடு முடிந்துவிடுகிறது. பழைய தரமான ஷூக்களில் மிகப் பல 'குட்இயர் வெல்ட்' என்ற முறையில் தைக்கப்பட்டவை. பாத வடிவில் செதுக்கிய அச்சுக்கட்டையின் மீது மேல்தோலை இழுத்துப் போர்த்தி, அதன் கீழ்விளிம்பையும் பாதம் படியும் உள்ளடித் தோலையும் 'வெல்ட்' எனப்படும் ஒடுக்கமான தோல்வாரோடு சேர்த்து முதல் தையல் போடுவார்கள். உள்ளே எஞ்சும் குழிவைத் தக்கையால் நிரப்பிய பிறகு, தரையில் படும் சோலை அந்த வாரோடு மட்டும் இணைத்து இரண்டாவது தையல் போடுவார்கள். இரண்டு தையல்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதே இம்முறையின் உயிர்நாடி. தேய்ந்த சோலை அறுத்தெடுத்துப் புதியதைத் தைக்கும்போது மேல்தோலில் ஊசி படுவதே இல்லை. எனவே மேல்தோல் நலமாக இருக்கும்வரை சோலைப் பலமுறை மாற்றிக்கொள்ளலாம். நடக்க நடக்கத் தக்கையும் உள்ளடித் தோலும் அணிபவரின் பாதத்துக்கு ஏற்ப அமுங்கிப் படிந்துகொள்வதால், பழகிய ஷூவில் கிடைக்கும் சுகம் புது ஷூவில் கிடைப்பதில்லை.

ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகனான இளைய சார்லஸ் குட்இயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய தையல் எந்திரத்தால் இம்முறைக்கு அக்குடும்பப் பெயர் நிலைத்தது. ஆனால் தையலுக்கு முந்திய வேலையான, மேல்தோலை அச்சுக்கட்டையின் மீது சுருக்கமின்றி இழுத்துப் பொருத்துவது, கைத்தேர்ச்சி மிக்க சிலரின் கையிலேயே இருந்துவந்தது. அவர்களாலும் நாளொன்றுக்கு 50 ஜோடிதான் முடியும். தென் அமெரிக்காவின் சுரினாமில் 1852இல் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லின் நகரின் ஷூ ஆலையில் கூலிக்குச் சேர்ந்த கறுப்பினத் தொழிலாளியான யான் மாட்செலிகர், அந்தக் கைவிரல் அசைவுகளைக் கூர்ந்து கவனித்து, அவற்றை அப்படியே செய்யும் எந்திரத்தை வடிவமைத்து 1883இல் காப்புரிமை பெற்றார். அந்த எந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 ஜோடி வரை முடித்துத் தந்ததால், செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டிய நல்ல ஷூ எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எட்டியது. காசநோயால் 1889இல் அவர் இறந்தபோது வயது 36. இன்று சேகரிப்பவர்கள் வியந்து பேசும் நிறுவனப் பெயர்களுக்கு இடையே இவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது என்பது வருந்தத்தக்கது.

ஷூ வகைகளைப் பிரித்தறிய லேஸ் கட்டும் இடத்தைப் பார்த்தால் போதும். லேஸ் துளைகள் உள்ள இரு மடல்களும் முன்பகுதித் தோலுக்கு அடியில் செருகித் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. மேலே படிந்து தாராளமாகத் திறக்குமானால் டெர்பி. தோலில் பூவேலைபோல் சிறு துளைகள் இட்டவை புரோக் எனப்படும். முனையில் தொடங்கும் சிறகு வடிவத் தோல்துண்டு இருபுறமும் குதிகால் வரை நீண்டு செல்லும் கனத்த டெர்பியை 'லாங்விங்' என்பர். 1892இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட ஃப்ளோர்ஷைம் நிறுவனம் 'இம்பீரியல்' என்ற உயர்தர வரிசையில் தயாரித்த லாங்விங் ஷூக்களே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புபவை. இரட்டைச் சோலும், குதியின் அடியில் 'வி' வடிவில் பதித்த உலோகத் தகடுமாக அவை கையில் எடுத்தாலே கனக்கும்.

அவற்றுள்ளும் 'ஷெல் கார்டோவன்' தோலில் செய்தவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்பெயினின் கோர்டோபா நகரின் பெயரால் வழங்கும் இது, குதிரையின் பிட்டத் தோலுக்குள் மறைந்திருக்கும் அடர்ந்த நார்ப்படலத்திலிருந்து கிடைக்கிறது; ஒரு குதிரையிலிருந்து நீள்வட்டமாக இரண்டு துண்டுகளே தேறும். சிகாகோவில் 1905 முதல் இயங்கிவரும் ஹார்வீன் தோல் ஆலையில் இதைத் தாவரச் சாற்றில் பதனிட்டு முடிக்கக் குறைந்தது ஆறு மாதம் ஆகிறது. மாட்டுத்தோல் மடியும் இடத்தில் மெல்லிய கோடுகளாகச் சுருங்கும். கார்டோவனோ அலைபோல் உருண்டு மடியும். அந்த அலைகளின் முகட்டில் ஒளி பட்டு, பள்ளத்தில் நிறம் அடர்ந்து தெரிவதுதான் பல பத்தாண்டுகள் அணிந்த கார்டோவன் ஷூவின் அழகு.

பழைய ஷூவின் வயதை அதன் உட்புறம் சொல்லும். இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டை ஒட்டி 1941 முதல் 1952 வரை பிரிட்டனில் நடப்பிலிருந்த சிக்கனத் திட்டத்தின் கீழ் தயாரான ஷூக்களில் 'சிசி41' என்ற முத்திரை இருக்கும். அந்த முத்திரை கண்டால் காலம் ஐயமின்றித் தெளிவாகிறது. ஷூ தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் 1873இல் தோன்றிய சர்ச்ஸ் நிறுவனத்தை 1999இல் இத்தாலியின் பிராடா வாங்கியது. அதற்கு முன்பும் பின்பும் செய்த ஷூக்களைப் பிரித்தறிய, உள்ளடியில் அச்சிட்ட நகரப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். அமெரிக்க ஷூக்களில் நீள எண்ணோடு அகலத்தைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். ஒரே நீளத்துக்குப் பல அகலங்கள் கிடைத்த அக்காலம் பாதத்தை இன்றைய காலத்தைவிட மதித்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்த உட்புறத்தில் தமிழ்நாட்டின் கைவண்ணமும் கலந்திருக்கலாம். ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காயால் நிறம் ஏற்றிப் பதனிட்ட தென்னிந்தியத் தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் பெருமளவில் சென்றது. ஷூவின் உட்புறத் தோலுக்கு அது விரும்பி வாங்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ்களின் மேல்தோலாகவும் பயன்பட்டது.

பழைய ஷூவை வாங்குமுன் விலையையும் பளபளப்பையும் மறந்துவிட்டு, விரல் மடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தோலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி வளைத்தால், நலமான தோல் குழைந்து மீளும். உள்நார் மட்கிய தோல் காகிதம்போல் மொடமொடவென்று பிளக்கும், அதற்கு மருந்தில்லை. சோல் தேய்வும் தையல் பிரிவும் சரிசெய்யக்கூடியவை. மேல்தோலின் ஆழ்ந்த விரிசல் அப்படியன்று. தேறிய ஷூவை முதலில் லேஸைக் கழற்றித் தூசு தட்டி, சேணச் சோப்பு எனப்படும் தோலுக்கான சோப்பை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்தால், அடுக்கடுக்காக ஏறியிருந்த பழைய மெழுகு பழுப்பு நீராகக் கரைந்து வரும். நிழலில் உலர்த்திய பிறகு தோலுக்கான கண்டிஷனரைச் சிறிதளவு பூசி ஓரிரவு விட்டால், வறண்ட தோல் அதை உறிஞ்சி நிறம் ஆழ்ந்து காட்டும். அதன் பிறகே நிறத்துக்குக் கிரீம் பாலிஷ், கடைசியில் மினுக்கத்துக்கு மெழுகு பாலிஷ். முகம் பார்க்கும் அளவுக்கு ஷூ முழுவதும் மெழுகேற்றும் பழக்கம் தவறு. மடியும் இடத்தில் தடித்த மெழுகு நொறுங்கித் தோலின் அழகைக் கெடுத்துவிடும்.

அணிவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு நாள் அணிந்த ஷூவுக்கு மறுநாள் ஓய்வு தந்தால்தான் உள்ளே இறங்கிய வியர்வை ஆறும்; கழற்றியவுடன் சீடர் மரத்தாலான பாத அச்சைச் செருகி வைத்தால், அது ஈரத்தை உறிஞ்சி மடிப்புகளையும் நீவி நிமிர்த்தும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஷூவை நெகிழிப் பைக்குள் கட்டி வைப்பது பூஞ்சைக்கு அழைப்பு விடுப்பதாகும். காற்றோட்டமான தட்டில் துணிப்பைக்குள் வைப்பதே நல்லது.

அப்பாவோ தாத்தாவோ அலுவலகத்துக்கு அணிந்த தோல் ஷூ பரணில் எங்கேனும் கிடந்தால், பழைய பொருள்களோடு எடைக்குப் போடுமுன் அதன் சோலின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே தனி வார் ஒன்று சுற்றி ஓடி, அதன் மேலும் சோலின் அடியிலும் உண்மையான நூல் தையல் தெரிந்தால், தோலையும் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு, கைதேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைப் பிரித்து மீண்டும் தைக்க முடியும்.