கடலில்லா ஊரில் ஒரு பவளத் தொட்டி – 6: மூலை

கோலார் தங்கவயலில் வீட்டுக்குள் தொட்டி வைக்க நினைக்கிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது மூலைதான். சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளின் கணக்கு அப்படி: ஒரு சுவரைக் கட்டில் எடுத்துக்கொள்ளும், இன்னொன்றை பீரோ, மூன்றாவதில் டிவியும் சாமி படமும். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக எழும்பும் மாடி வீடுகளிலும் ஹாலின் நீளச் சுவர் சோபாவுக்குத்தான். மூலைத் தொட்டி என்றால் கொஞ்சம் மட்டமாக நினைக்கும் பழக்கம் மீன் வளர்ப்பவர்களிடம் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நீளத் தொட்டிக்கு வராத ஆழம் மூலைக்கு வரும். பாறைக்குப் பின்னால் நிழல் விழும், மீன் அதற்குள் போய் மறைந்து வெளியே வரும். தொல்லையும் அந்த ஆழத்தால்தான்.

கால் வட்ட வடிவில், முன்பக்கம் வளைந்த கண்ணாடி போட்ட தொட்டி படத்தில் அழகாக இருக்கும். அதை விட்டுவிடுங்கள். வளைந்த கண்ணாடி மீனை இழுத்தும் நசுக்கியும் காட்டும். கீறல் விழுந்தால் மாற்றுவதற்கு உள்ளூரில் ஆள் கிடையாது. ஐந்து முகத் தொட்டி போதும். சுவரை ஒட்டிய இரண்டு பக்கமும் 90 சென்டிமீட்டர், அங்கிருந்து முன்னால் வரும் சின்னப் பக்கங்கள் 40, அவற்றைச் சேர்க்கும் முகப்புக் கண்ணாடி 71, உயரம் 55. தண்ணீரை 50 சென்டிமீட்டர் வரை நிறுத்தினால் சுமார் 340 லிட்டர். கண்ணாடிக் கடையில், “எட்டு எம்எம் போதும் சார், எல்லாரும் அதான் போடுறாங்க” என்பார்கள். “உயரம் அம்பத்தஞ்சுண்ணே, பன்னெண்டே போடுங்க” என்று சொல்லிவிட்டு நகராமல் நில்லுங்கள். கண்ணாடியைத் தள்ளுவது தண்ணீரின் உயரம். எத்தனை லிட்டர் என்பது அதற்குத் தெரியாது.

இனி அந்த ஆழம். முகப்புக் கண்ணாடியிலிருந்து பின்மூலை வரை இந்தத் தொட்டியில் 92 சென்டிமீட்டர். நம் கை, தோள் வரை நனைந்தாலும், 70-ஐத் தாண்டாது. பின்மூலையில் ஒரு மீன் செத்து விழுந்தால் எடுக்க முடியாது. அது அங்கேயே அழுகி அமோனியாவாகும். ஆகவே அந்த எட்டாத இடத்தை மீனுக்கு விடாமல் குழாய்க்குக் கொடுத்துவிட வேண்டும். பின்மூலையில் ஒரு தடுப்புப் பெட்டி ஒட்டினால், மேல்மட்டத் தண்ணீர் அதற்குள் வழிந்து, அடியிலிருக்கும் சம்ப் தொட்டிக்கு இறங்கும். பாறையைச் சுவர்ப்பக்கம் சாய்க்காமல் நடுவில் தீவாக அடுக்கினால் சுற்றிலும் நீரோட்டம் போகும். அலை மோட்டார் இரண்டு வேண்டும், இரு சின்னப் பக்கங்களிலும் ஒவ்வொன்று. ஒன்றே போதும் என்று விட்டால் ஒரு மூலையில் கழிவு தங்கிக் கறுக்கும்.

எடையைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் 350 கிலோ, கண்ணாடி 75, பாறையும் மணலும் சேர்ந்து 60 – 70. கிட்டத்தட்ட அரை டன். சம்பும் ஸ்டாண்டும் தனி. ஸ்டாண்டுக்கு இந்த ஊரில் கவலை வேண்டாம். மைனில் ஃபிட்டராக இருந்தவர், பெமல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர் என்று தெருவுக்கு ஒருவராவது உண்டு. இரும்புச் சட்டத்தை வரைந்து கொடுத்தால் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, உப்பு நீர் தெறிக்கும் இடம் என்பதால் எபாக்சி பெயிண்ட். இரண்டு, சம்ப் தொட்டி உள்ளே நுழையும் அளவுக்குக் கதவு. மூலை ஸ்டாண்டைப் பற்றவைத்து முடித்த பிறகு சம்ப் உள்ளே போகவில்லை என்று தலையில் கைவைத்து நிற்பது இந்தப் பொழுதுபோக்கில் சகஜம்.

தரை வேறு கதை. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் குடைந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பதை மைனிங் ஜனங்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் உருண்டதை எல்லாக் குடும்பமும் சொல்லும். 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தை இங்கே தொடங்கியது சும்மா இல்லை. 2001 பிப்ரவரியில் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, பம்பு நின்ற சுரங்கங்களில் தண்ணீர் ஏற ஏற, அதிர்வு சில காலம் தொடர்ந்தது. தொட்டி வைக்கக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள், தொட்டிக்கு அடியில் ஒரு அங்குல தெர்மகோல் விரியுங்கள், சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், சிலிக்கான் பசை ஒரு வாரம் காய்ந்த பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வாசலில் நிறுத்துங்கள். மாடி என்றால் என்ஜினீயரைக் கேட்காமல் தூக்கிப் போகாதீர்கள்.

தங்கவயல்காரருக்கு உண்மையான கேள்வி தண்ணீர். பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கக் கம்பெனி குழாய் போட்டுக் குடிக்கக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ஆழ்துளைக் கிணறும் டேங்கரும். கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. உப்புகளும் நைட்ரேட்டும் கூடவே வரும். பவளத் தொட்டிக்கு டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். கேன் தண்ணீர் குடிக்க நல்லது, இதற்கு ஆகாது. வீட்டு ஆர்ஓ மெஷினில் வரும் தண்ணீரை மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் வழியாக இன்னொரு தரம் விட்டால்தான் பூஜ்யம் வரும்.

ஆர்ஓ ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வெளியே தள்ளும். தொட்டியை நிரப்ப 350 லிட்டர் என்றால், ஆயிரம் லிட்டர் கழிவு. அதோடு முடிந்தால் பரவாயில்லை. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்ற 35 லிட்டர்; ஆவியாகிப் போவதை ஈடுகட்ட ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்றால் வாரத்துக்கு 28. ஆக, வாராவாரம் அறுபதுக்கு மேல். குழாயிலிருந்து பிடிப்பது 250 லிட்டர், பதினாறு பதினேழு குடம். குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீருக்குக் காத்திருந்த ஊரில் இந்தக் கணக்கைப் போடாமல் தொட்டி வாங்குகிறவர் மீது எனக்கு மரியாதை இல்லை. கழிவுத் தண்ணீரைத் துணி துவைக்க, தரை துடைக்க, கக்கூஸுக்கு என்று ஒரு டிரம்மில் பிடித்துவைத்தால் வீட்டுச் செலவில் அது கழிந்துவிடும். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு தங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் கூரைத் தண்ணீரைப் பிடிக்க முடிந்தவர்கள், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துக் கரி வடிகட்டியிலும் ரெசினிலும் விடலாம். கழிவே இல்லை.

உப்பு பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: தூத்துக்குடி உப்பு கடலிலிருந்துதானே வருகிறது, அதைக் கரைத்தால் கடல் நீர் ஆகாதா? ஆகாது. உப்பளத்துப் பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படியும். பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். பவளம் எலும்பு கட்டுவதற்கு வேண்டிய கால்சியம் முன்னால் போயிற்று, மக்னீசியம் பின்னால் போயிற்று, நம் கையில் இருப்பது சாம்பாருக்கானது. மீன்தொட்டிக் கடல் உப்பு என்றே விற்கும் கலவைதான் வேண்டும், 340 லிட்டருக்கு 13 கிலோ அளவில். தொட்டிக்குள் கொட்டிக் கலக்காதீர்கள். தனி டிரம்மில், மோட்டார் ஓட ஓட ஒரு நாள் விட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்: 1.025 காட்ட வேண்டும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே தினசரி ஊற்றுவது உப்பில்லாத தண்ணீர்தான்.

அடுத்து சூடு. சென்னைக்காரருக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. நமக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரம் கைகொடுக்கிறது. ஏப்ரலில் நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன், டிசம்பர் ராத்திரிக்கு ஹீட்டர். 25, 26 டிகிரியில் நிறுத்திவிடலாம். பாறையே 60 டிகிரிக்கு மேல் சுட்ட ஆழத்துக்குக் குளிர்காற்று அனுப்பிய ஊருக்கு இது பெரிய வேலை இல்லை. அதே உயரம் ஒன்றைப் பிடுங்கியும் கொள்ளும்: காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறையும். கரன்ட் போய் மோட்டார் நின்றால் இங்கே மீனுக்கு மூச்சு சீக்கிரம் முட்டும்.

கரன்ட் என்றதும் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மைசூர் சமஸ்தானம் முதலில் மின்சாரம் கொடுத்தது இந்தச் சுரங்கங்களுக்கு. பெங்களூருக்கு அது போக 1905 ஆனது. பெருமையால் மோட்டார் ஓடாது, இன்வெர்ட்டர் வாங்குங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், மற்றதில் மோட்டார் உறுமிச் சூடாகும். 150 ஏஎச் பேட்டரியில் நம்பி எடுக்கக்கூடியது ஆயிரம் வாட்-மணி. 15 வாட் அலை மோட்டார் ஒன்றை மட்டும் மாட்டினால் ஒரு ராத்திரி தாராளமாகத் தாண்டும். 300 வாட் ஹீட்டரையும் அதில் மாட்டினால் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. எந்த ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். வழியும் உப்பு நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத லைனில் தொட்டியை ஓட்டாதீர்கள்.

இனிப் பாறை. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிர்ப்பாறையை எடுத்து வந்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டுத் தொட்டியை ஓட்டிக் காட்டினார். வீட்டுப் பவளத் தொட்டிகளுக்கு அதுவே வழி போட்டது. அந்த வழி நமக்கு இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில், சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகப் பவளப் பாறையை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுரங்கம் மூடிய அதே 2001-ல், கல் பவளங்கள் அனைத்தையும், கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றோடு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அட்டவணை அது. ‘ராமேஸ்வரம் சரக்கு’ என்று யாராவது காதோரம் சொன்னால் நடையைக் கட்டுங்கள். பட்டியலில் இல்லாத மென்பவளங்களையும் ரசீதும் இறக்குமதித் தாளும் காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். காட்டாவிட்டால் பாறையும் மீனுமாகவே தொட்டி இருக்கட்டும்.

பாறையை நாமே செய்யலாம். சிமெண்ட் ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூள் இரண்டு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு; கெட்டியாகப் பிசைந்து ஈர மணல் குழியில் கொட்டுங்கள். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் கல்லுப்பு கரைந்து, பாறை முழுக்கச் சின்னச் சின்னப் பொந்துகள் விழும். பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். சிமெண்டின் காரம் போக ஆறு, எட்டு வாரம் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணல் குழி என்றதும் சயனைடு மேட்டு மண் ஞாபகத்துக்கு வரும், கைக்கெட்டும் தூரத்தில் மலை மலையாகக் கிடக்கிறது. குழிக்கும் வேண்டாம், தொட்டிக்கும் வேண்டாம். தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய தூள் அது.

அந்தச் சயனைடுக்குப் பவளத்தோடு வேறொரு உறவும் உண்டு. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொட்டி மீன் பிடிக்கிறவர்கள் சோடியம் சயனைடைப் பாட்டிலில் கரைத்துப் பாறை இடுக்கில் பீய்ச்சத் தொடங்கினார்கள். மீன் மயங்கி வெளியே வரும், சுற்றியிருக்கும் பவளம் வெளிறிச் சாகும். பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று நீந்தும். ஈரல் கெட்டுப் போயிருக்கும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பண்ணையில் பொரித்த மீனை வாங்குவதுதான் நிச்சயமான வழி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரித்து வளர்க்கும் முறையைச் செய்து காட்டிவிட்டன. கடைக்காரரிடம் கேளுங்கள்: பண்ணை மீனா, கடல் மீனா? பதில் இழுத்தால் வாங்காதீர்கள்.

பாறையை அடுக்கி, உப்பு நீர் நிரப்பி, பாக்டீரியாவும் கொஞ்சம் அமோனியாவும் விட்டுக் காத்திருங்கள். சோதனைக் குழாயில் அமோனியா பச்சை காட்டும், வாரங்கள் போகப்போக மஞ்சளுக்கு இறங்கும். நைட்ரைட் ஏறி இறங்கும். நாலிலிருந்து ஆறு வாரம். நடுவில் பழுப்புப் படலம் ஒன்று எல்லாவற்றையும் மூடும், துடைத்துத் துடைத்துச் சலிக்க வேண்டாம், தானாகப் போகும்.

பிறகு இரண்டு கோமாளி மீன், சின்னதாகவே. ஆணா பெண்ணா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டில் பெரிதாக வளர்வது பெண்ணாகிவிடும். பண்ணையில் பிறந்தவை கடல் சாமந்தியைப் பார்த்ததே இல்லை, அது இல்லாமலே இருக்கும். மோட்டார் பக்கத்திலோ தடுப்புப் பெட்டி ஓரத்திலோ ஒரு இடம் பிடித்துக்கொள்ளும். முதல் சில மாதங்களுக்கு அவ்வளவுதான். அரை டன் எடையில் மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும் தொட்டியைப் பார்க்க வருகிற உறவுக்காரர், “இதுக்கு ரெண்டே ரெண்டு மீனா?” என்று கேட்பார். கேட்கட்டும்.

(தொடரும்)