கல்லைத் தீண்டாது வர்ணம் காட்டும் ஒளி

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைக் காண்போர், அவற்றின் சிற்பங்கள் தொடக்கமுதலே கல்லின் நிறத்துடன் விளங்கின என்றே எண்ணுவர். பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள அமியேன் நகரின் பெரிய தேவாலயம் அவ்வெண்ணம் தவறென்பதை மெய்ப்பித்தது. 1220-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற அதன் மேற்கு முகப்பில் படிந்திருந்த கரிய அழுக்கு, 1990-களில் லேசர் ஒளிக்கற்றையால் அகற்றப்பட்டது. அப்பொழுது வாயிற் சிற்பங்களில் பண்டைய வர்ணப் பூச்சின் எச்சங்கள் வெளிப்பட்டன.

அவ்வர்ணங்களை மக்களுக்கு மீண்டும் காட்டுவது எங்ஙனம்? புதிதாகப் பூசினால், எஞ்சிய சான்றுகள் மறைந்தொழியும். ஆகவே ஒளியையே தூரிகையாகக் கொண்டனர். இரவில் வர்ணப் படங்களைச் சிற்பங்களின்மீது பொருத்தமுற வீழ்த்திக் காட்டினர். 2017-ஆம் ஆண்டு முதல் 'குரோமா' என்னும் அசையும் படக்காட்சியும் அங்கு நடைபெறலாயிற்று.

இத்தகைய காட்சிகளுக்கு முதலில் கட்டடத்தின் மேடுபள்ளங்கள் நுட்பமாக அளக்கப்படுகின்றன. அவ்வளவுகளைக் கொண்டு கணிப்பொறியில் மாதிரி உருவம் அமைத்து, புரொஜெக்டர் நிற்குமிடத்திற்கு ஏற்பப் படத்தைத் திருத்துகின்றனர். பல கருவிகளின் படங்கள் ஒன்றன்மீது ஒன்று படியும் ஓரங்களில் ஒளியைப் படிப்படியாகக் குறைப்பர். இல்லையேல் அங்குப் பிரகாசமான பட்டைகள் தோன்றும்.

ஒளியின் அளவும் கருதத்தக்கது. 20,000 லூமென் ஒளிதரும் கருவி, 20 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் உள்ள சுவரில் 50 லக்ஸ் ஒளியையே தரும். படத்தின் அகலமும் உயரமும் இருமடங்கானால், பரப்பு நான்கு மடங்காகி, ஒளி 12.5 லக்ஸாகக் குறையும். நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பகலில் இக்காட்சி ஏன் இயலாது என்பது இதனால் விளங்கும். மேலும், கருமை நிறத்தை ஒளியால் உண்டாக்க இயலாது. ஒளி விழாத இடமே கருமையாகத் தோன்றும். எனவே சுற்றுப்புற விளக்குகளையும் அணைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இருட்டறையில் வெள்ளைப் பெட்டி ஒன்றும் கரிய பெட்டி ஒன்றும் வைத்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கின் ஒளியை அவற்றின்மீது செலுத்துக. வெள்ளைப் பெட்டி சிவக்கும். கரியது பெரிதும் மாறாது. விளக்கைப் பின்னே நகர்த்தினால் ஒளிவட்டம் விரிந்து மங்குவதையும் மாணாக்கர் காண்பர்.

அமியேனில் காட்டப்படும் வர்ணங்கள் யாவும் நேரடிச் சான்றால் உறுதிப்பட்டவை அல்ல. எச்சங்கள் இல்லாத இடங்களை ஊகத்தால் நிரப்ப வேண்டியதாயிற்று. நாளை புதிய சான்று கிடைப்பின், படத்தை மட்டும் மாற்றினால் போதும். கல் அப்படியே இருக்கும். பழம்பொருளைப் பேணுவோர்க்கு இதனினும் சிறந்த துணை அரிது.