சமூக ஊடகக் கணக்குகளின் பண்புகளும் பொய்ச்செய்திப் பகிர்வும்: 2023ஆம் ஆண்டு வதந்தியை முன்வைத்து

முன்னுரை

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்திலுள்ள தேவர்சோலை, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பேரூர். நீலகிரித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலத் தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய்ச்செய்தி இத்தகையோரின் பிழைப்பைத் தொடுவது. அதனை முன்வைத்து, பொய்ச்செய்திக்கும் அதைப் பகிரும் கணக்கின் பண்புகளுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

கணக்கின் பண்புகள்

கணக்கின் வயது, பின்தொடர்வோர் எண்ணிக்கை, சரிபார்ப்புக் குறி ஆகியன எளிதில் அளக்கத்தக்கவை. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த வோசோகி, ராய், ஆரல் (2018) ஆகியோர், பொய்யைப் பரப்பிய கணக்குகள் சராசரியாகப் புதியவை, பின்தொடர்வோர் குறைந்தவை, சரிபார்ப்புக் குறி அரிதாகவே பெற்றவை எனக் கண்டனர். 2016 அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்த கிரின்பெர்க் குழுவினரோ (2019), 0.1 விழுக்காட்டுப் பயனர்களே போலிச்செய்தித் தளங்களின் பகிர்வில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குக் காரணம் என்றனர். முன்னது பரப்புவோரின் சராசரி இயல்பைக் கூறுகிறது. பின்னது பரவல் ஒரு சிலரிடம் குவிவதைக் காட்டுகிறது.

2023 நிகழ்வு

பரவிய இரு காணொலிகளும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் முன்னரே நிகழ்ந்தவை. ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நிகழ்ந்த மோதல், மற்றொன்று உள்ளூர்வாசிகளுக்கிடையிலானது என்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சி. சைலேந்திரபாபு விளக்கினார். இது தொடர்பாக வழக்குக்குள்ளானோருள் பாஜகவின் உத்தரப் பிரதேசப் பேச்சாளர் பிரசாந்த் உம்ராவும் ஒருவர். அவரை மன்னிப்புக் கோருமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அறிவுறுத்தியது. புதிய, முகமற்ற கணக்குகளை மட்டும் கண்காணிக்கும் முறைக்கு இத்தகைய பொது முகங்கள் அகப்படுவதில்லை.

வாட்ஸ்அப் உரையாடல்களில் பின்தொடர்வோர் எண்ணிக்கை படிப்போர் கண்ணில் படுவதில்லை. அனுப்பியவர் உறவினரா, ஊராரா என்பதே நம்பிக்கைக்கு அடிப்படை. பிள்ளை பிடிப்போர் வதந்தியால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இந்தியாவில் இத்தகைய கொலைகள் தொடர்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிடத் தொடங்கியது. இது கணக்கின் பண்பை நோக்காமல் பரவும் வேகத்தைக் கட்டுப்படுத்திய நடவடிக்கை.

முடிவுரை

பின்தொடர்வோர் எண்ணிக்கை ஒரு பொய் எட்டும் தொலைவை உணர்த்தும். செய்தியின் மெய்ம்மையை உணர்த்தாது. அண்மையில் கைப்பேசி வாங்கிய தோட்டத் தொழிலாளியின் கணக்கும் புதியது, பின்தொடர்வோர் குறைந்தது. பண்புகளை மட்டும் கொண்டு ஐயுற்றால், வதந்தியால் பாதிக்கப்படுபவரே முதலில் ஐயத்திற்குள்ளாவார். ஆகவே கணக்கின் பண்புகளோடு செய்தியின் மூலத்தையும் பரவிய வழியையும் இணைத்து ஆராய்வதே தகும்.