குழிப்பந்தில் சமநிலை வந்தால்?

"குழிப்பந்துல அதிகப் புள்ளி எடுத்தவர்தானே ஜெயிப்பார், சார்?" தேக்காவில் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கேட்பது இது. இல்லை, தலைகீழ். பந்தைக் குழியில் போட எத்தனை அடி என்பதே கணக்கு. குறைந்த அடிக்கே வெற்றி. கருத்தறிதலில் இது புரியாவிட்டால் எல்லா விடையும் புரண்டுவிடும்.

2012 நவம்பரில் செந்தோசாவில் நடந்த சிங்கப்பூர் ஓப்பனைப் பாருங்கள். நான்கு சுற்று, 72 குழி. இத்தாலியின் மத்தேயோ மனசெரோ, தென்னாப்பிரிக்காவின் லூயி ஊஸ்தாய்சன் இருவருமே 271 அடி. கிண்ணத்தைப் பங்கு போட முடியாதே! அதனால் 'பிளே ஆஃப்'. ஒரு குழியை இருவரும் மறுபடி ஆடவேண்டும். அதில் குறைந்த அடி எடுத்தவருக்கே வாகை. அதுவும் சமமென்றால் இன்னொரு தடவை. அன்று மூன்றாம் தடவையில்தான் முடிவு வந்தது. ஐந்து அடிக் குழியை மனசெரோ மூன்றே அடியில் முடித்தார். இதற்கு 'ஈகிள்' என்று பெயர். அவருக்கு அப்போது வயது 19தான். தோற்றவரோ 2010 பிரிட்டிஷ் ஓப்பன் வெற்றியாளர்.

தேர்வில் 'பிளே ஆஃப்' என்பதை 'இறுதியாட்டம்' என்று எழுதாதீர்கள், அது வேறு. 'கூடுதல் நேரம்' காற்பந்துக்குரியது. இங்கே கடிகாரமே கிடையாது. 'வெற்றியாளரை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டம்' என்று எழுதினால் போதும்.