மலைச்சாரலில் முருகைத் தோட்டம்: வீட்டில் உவர்நீர்த் தொட்டி அமைத்தல்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் மாவனல்லை அமைந்துள்ளது. ஊரின் நடுவே ஓடும் மகா ஓயா கேகாலை மாவட்டத்தைக் கடந்து மேற்கே சென்று, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையருகிற் கடலோடு கலக்கின்றது. ஆறு கடலைச் சென்றடைதல் இயற்கை. கடலை மேலேற்றிக் கொணர்ந்து, இறப்பர் மரங்களும் பாக்கு மரங்களும் சூழ்ந்த ஒரு வீட்டின் கூடத்தில் நிறுத்தி, அதில் முருகைகளையும் அவற்றினிடையே திரியும் மீன்களையும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்தல் அத்துணை எளிதன்று. ஆயினும் அது செய்யக்கூடியதே. அதற்கு வேண்டுவது மீனைப் பற்றிய அறிவினும் நீரைப் பற்றிய அறிவேயாகும். முருகைத் தொட்டி வைப்போர் உண்மையில் வளர்ப்பது மீனையன்று, நீரையே எனின் மிகையாகாது.

முருகை என்பது கல்லெனத் தோன்றினும் கல்லன்று. கடற்சாமந்தியின் இனத்தைச் சேர்ந்த எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீரிற் கரைந்துள்ள கல்சியத்தை ஈர்த்துத் தமக்கென அமைத்துக்கொண்ட சுண்ணாம்புக் கூடுகளின் தொகுதியே அது. வெப்பக் கடல்களில் வாழும் முருகைகளின் உடலினுள் கண்ணுக்குப் புலப்படாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குச் செல்கின்றது; முருகையின் கழிவு அல்காவுக்கு உரமாகின்றது. முருகைக்கு நிறத்தைத் தருவதிலும் இவ்வல்காக்களுக்குப் பெரும் பங்குண்டு. இவ்வொன்றிய வாழ்வு மிக நுண்ணியது. வழக்கமான கோடைகால உச்ச வெப்பத்தினும் 1 பாகை மிகுந்த நீர் சில கிழமைகள் நீடித்தாற் போதும். முருகை தன் அல்காக்களை வெளியேற்றி வெளிறிவிடும். 1998 ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவை முருகைப் பாறையின் பெரும்பகுதி இவ்வாறே வெளிறி மடிந்தது. கடலில் அத்துணைப் பேரழிவை விளைத்த அதே 1 பாகை, வீட்டுத் தொட்டியில் ஒரு பிற்பகல் வெயிலினால் வந்துவிடக்கூடும்.

கடலினின்றும் தொலைவிலுள்ளோர் இம்முயற்சியில் இறங்கியது புதிதன்று. இலண்டனில் வாழ்ந்த அன்னா தைன் என்னும் பெருமாட்டி 1846 ஆம் ஆண்டு தென்மேற்கு இங்கிலாந்தின் ரோர்க்கீ கரையிலிருந்து உயிருள்ள கன்முருகைகளைத் தம் இல்லத்துக்குக் கொண்டுசென்றார். வீடுகளில் மின்சாரமும் மின்பம்பும் இல்லாத காலம் அது. பணிப்பெண் ஒருத்தி திறந்த யன்னலின் அருகே நின்று, கடல்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி அதிற் காற்றேற்றினாள். பின்னர் கடற்பாசிகளும் சேர்க்கப்பட்டன. முருகைகள் வாழ்ந்து பெருகவும் செய்தன. அவை குளிர்க்கடல் இனமாதலின் அல்காவையோ கடும் ஒளியையோ வேண்டவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். சில ஆண்டுகளின் பின் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையாராய்ச்சியாளர் கடல்நீரையே செயற்கையாக ஆக்கினார். சமையலுப்பு, மகனீசியம் சல்பேற்று, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்கையுமே அவர் கலந்தார். சுண்ணாம்புப் பொருள்களை ஆற்றுநீரே தருமெனக் கருதி விட்டுவிட்டார். இலண்டனின் நீருக்கு அக்கருத்துப் பொருந்தும். பளிங்குருப் பாறைகளின் மீது ஓடிவரும் சப்பிரகமுவ மலையருவிகளின் நீரோ மென்னீர். அதில் சுண்ணாம்பு அரிது. கொஸ் வகுத்த கலவையை மாவனல்லையில் அப்படியே கரைத்தால், முருகை கூடுகட்டுதற்குப் பொருளின்றி வாடும்.

வெப்பக் கடல் முருகையை வீட்டில் வாழவைக்கும் வழியை உலகறியச் செய்தவர் ஓர் ஆசிய நாட்டவரே. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார் 1961 ஆம் ஆண்டு தம் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் வெளியிட்டார். நல்ல கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிர்கள் செறிந்த கற்கள், போதிய ஒளி, மெல்லெனக் குமிழியிடும் காற்று ஆகிய இவையே அவருடைய கருவிகள். கல்லின் துளைகளில் வாழும் பற்றீரியாக்களே நீரைத் தூய்மை செய்தன என்பது பின்னர் தெளிவாயிற்று.

தொட்டி பெரிதாயின் இடர் பெரிதாகும் எனப் பலரும் எண்ணுவர். உண்மை நேர்மாறானது. நீரின் அளவு மிகுந்தால் வெப்பமும் உப்பும் நஞ்சும் மெல்ல மாறும். பிழையைத் திருத்தக் காலம் கிட்டும். 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 680 லீற்றர் கொள்ளும். அந்நீரின் எடை மட்டும் 700 கிலோகிராமை அண்மிக்கும். கல்லும் மணலும் கண்ணாடியும் சேர ஒரு தொன்னை நெருங்கும். முகப்புக் கண்ணாடியின் மீது நீர் ஏறக்குறைய 350 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் ஓயாது அழுத்தும். ஆதலின் 12 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புடைய கண்ணாடியும், நிலத்தின் மேல் நேரே நிற்கும் சீமெந்துத் தளமும், மட்டக்கோலால் சரிபார்த்த தாங்கியும் வேண்டும். பலகைத் தளமிட்ட மேன்மாடியில் இதனை வைத்தல் கூடாது.

இனி நீர். கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் உள்ளன. நீரமானியில் அதன் தன்னீர்ப்பு 1.025 அளவிற் காட்டும். 680 லீற்றருக்கு வேண்டுவது ஏறக்குறைய 24 கிலோகிராம் உப்பு. கடைகளில் வாங்கும் கறியுப்பு இதற்கு உதவாது. ஆனையிறவிலோ புத்தளத்திலோ உப்பு விளையும்போது படிகமாவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டே. மகனீசிய உப்புக்கள் எஞ்சிய கசப்புநீரோடு கழிந்துவிடும். முருகைக்கு அவ்விரண்டும் வேண்டும். லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட கல்சியமும் வேண்டும். ஆதலால் இவற்றையெல்லாம் அளவாகச் சேர்த்து விற்கப்படும் கடலுப்புக் கலவையே தக்கது. மேற்குக் கரையிலிருந்து கடல்நீரை ஏற்றிவரலாமேயெனின், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் களனி கங்கையும் மகா ஓயாவும் கொட்டும் மழைநீரால் கரையோரக் கடல் கலங்கியும் உப்புக் குறைந்தும் இருக்கும். அக்காலத்து நீர் பயன்படாது.

உப்பைக் கரைக்கும் நன்னீரிலும் கருத்து வேண்டும். குழாய்நீரில் குளோரீன் உண்டு. மழைநீர் தூயதெனினும், நாகம் பூசிய தகரக் கூரையில் வடிந்து வருமாயின் நாகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். செம்பும் நாகமும் மீனுக்குச் சிறிது பொறுக்கத்தக்கவை. முருகைக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. செப்புக் குடத்து நீர் மனிதருக்கு நன்றெனக் கொள்ளப்படலாம், முருகைக்கு அது கூற்றுவன். நுண்சவ்வினூடே நீரை அழுத்தி வடிக்கும் கருவியொன்றை வாங்குதலே ஈண்டுச் சிறந்த செலவு.

நீரை நிரப்பிய அன்றே மீனை விடுதல் புதியோர் பெரும்பாலும் செய்யும் தவறு. மீன் தன் பூக்களின் வழியே அமோனியாவை வெளிவிடுகின்றது; அஃது அம்மீனுக்கே நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அக்காலம் முழுதும் தொட்டியிற் கல்லும் நீரும் சிறிதளவு அமோனியாவும் அன்றி வேறொன்றும் இருத்தலாகாது. பார்க்க வருவோர் வெறுந்தொட்டியைக் கண்டு நகைக்கக்கூடும், நகைக்கட்டும். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனக் கண்ட பின்னரே முதல் மீன் வரவேண்டும். அதன் பின்னும் கிழமைக்கு 68 லீற்றர், அதாவது பத்திலொரு பங்கு நீரை மாற்றிவரின் நைத்திரேற்று மிகாது. நீரைச் சிறு குமிழிகளாற் கலக்கி, அக்குமிழிகளில் ஒட்டும் புரதக் கழிவை நுரையாகத் திரட்டி அகற்றும் கருவியும் பெருந்துணையாகும்.

தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 7 லீற்றர் நீர் ஆவியாகின்றதெனக் கொள்வோம். நீர் மட்டுமே செல்லும், உப்புத் தங்கிவிடும். பத்து நாள் கவனியாது விட்டால் லீற்றருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 ஆகிவிடும். ஆகவே குறைந்ததை நாள்தோறும் நன்னீராலேயே நிரப்புதல் வேண்டும். இவ்வாவியாதலில் ஒரு நன்மையும் உண்டு. 7 லீற்றர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், தொட்டி நீர் முழுவதையும் ஏறக்குறைய 6 பாகை குளிர்விக்கப் போதியது. நீர்ப்பரப்பின் மீது மின்விசிறியொன்றை வீசவிடும் வழக்கம் இதனாலேயே வந்தது. ஆயின் ஈரக்காற்று நிறைந்த சப்பிரகமுவவில் மழைநாட்களில் ஆவியாதல் தளர்ந்துவிடும். பங்குனி, சித்திரை மாதங்களின் வெம்மையில் விளக்குகளும் பம்புகளும் தரும் வெப்பமும் சேர, விசிறி மட்டும் போதாது. நீரை 25 முதல் 27 பாகைக்குள் நிறுத்தக் குளிராக்கி தேவைப்படும்.

முருகை வளர வளர நீரிலுள்ள கல்சியம் குறையும். தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாகச் சேர்த்து அக்குறையை ஈடுசெய்யும் முறையை ஐரோப்பாவிற் பரப்பியவர் பீற்றர் வில்கென்ஸ். ஆவியான நீருக்கு ஈடாகவே இதனை இரவில் மெல்லச் சொட்டவிடலாம். சுண்ணாம்பு நீர் கடுங்காரமுடையது. விரைந்து ஊற்றினால் அனைத்தும் மடியும். வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்காகாது, தூய கல்சியம் ஐதரொட்சைட்டே வேண்டும்.

இவ்வளவும் மின்சாரத்தை நம்பி நிற்கின்றன. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். பம்பு நின்ற தொட்டியில் முதலில் குறைவது ஒட்சிசன். இரவாயின் அல்காக்களும் அதனை உட்கொள்ளுமேயன்றித் தாரா. பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றாவது கைவசம் இருத்தல் வேண்டும். அதுவும் இல்லாதவிடத்து, அன்னா தைன் வீட்டுப் பணிப்பெண் செய்ததுபோல நீரை முகந்து முகந்து ஊற்றுதல் இன்றும் பயன் தரும்.

எஞ்சியுள்ளது மிகக் கடினமான வினா: தொட்டிக்குரிய உயிர்கள் எங்கிருந்து வரும்? கடலடி நீச்சலில் வல்லவரான ரொட்னி ஜொங்க்ளாஸ் முதலியோர் இலங்கைக் கடலின் அழகிய மீன்களைப் பிடித்துப் பிறநாட்டுத் தொட்டிகளுக்கு அனுப்பும் தொழிலுக்கு முன்னோடிகளாயினர். தொழில் வளர்ந்தபோது, முருகைக் கிளைகளின் மேல் கவிழ்த்து அவற்றை நொறுக்கும் மொக்சி வலை போன்றவையும் வந்தன. அவ்வலை பின்னர் தடைசெய்யப்பட்டது. முருகைக்கு இன்னும் பெரிய பகை சுண்ணாம்புச் சூளையாகும். தென்மேற்குக் கரையில் அகழ்ந்து சுட்ட முருகைக்கல்லே ஒருகாலத்தில் நாட்டின் சுவர்களுக்குப் பூசிய சுண்ணாம்பிற் பெரும்பங்கைத் தந்தது. மலையகத்தில் வெள்ளையடித்த சுவர்களிலும் அக்கடலின் ஒரு கூறு இருந்திருக்கலாம். இதன் விளைவு 2004 டிசெம்பர் 26 அன்று புலப்பட்டது. பெரலியவில் ஆழிப்பேரலை புகையிரதத்தையே கவிழ்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. சில கிலோமீற்றர் தெற்கே, முருகைப் பாறை காவலாய் நின்ற ஹிக்கடுவையில் அலையின் வேகம் மிகத் தணிந்திருந்தது. முருகை அகழ்ந்த இடங்களிலேயே கடல் கூடுதலாக உட்புகுந்ததென அவ்வாண்டை அடுத்து ஆராய்ந்தோர் எழுதினர்.

கடலிலிருந்து முருகைக்கல்லை அகழ்தலைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. கடின முருகைகள் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாலும் காக்கப்பட்டுள்ளன. இந்தியாவிலும் 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. ஆதலின் லீ சின் எங் செய்தவாறு கடற்கல்லைப் பெயர்த்து வருதல் இன்று இயலாது. அவ்வாறு எடுத்ததை விற்போரிடம் வாங்குதலும் தகாது. உள்நாட்டுச் சுண்ணக்கல்லையோ, சீமெந்தும் மணலும் சேர்த்து வார்த்து நீரில் நெடுநாள் ஊறவைத்த துளைக்கல்லையோ அடுக்கி, அதிற் பற்றீரியாவைக் குடியேற்றலாம். காலம் சற்றுக் கூடுதலாகச் செல்லும், அவ்வளவே. மீனில் முதலிடம் கோமாளி மீனுக்கு. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துள்ளனர். அவ்வாறு பண்ணையிற் பிறந்த மீன் உலர்ந்த உணவை உண்ணப் பழகியிருக்கும். கடலிற் பிடித்த மீனைப்போல் முதற் கிழமையிலேயே பட்டினியால் மடிவதும் அரிது. முருகை வேண்டுவோர் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட தாய்முருகையினின்றும் துண்டித்த கிளைகளை, உரிய அனுமதிச் சீட்டுள்ளவிடத்து மட்டும் பெறலாம். விரலளவான ஒரு கிளையைக் கல்லில் ஒட்டி வைத்தால் அது வேரூன்றியதுபோற் பரவி வளரும். வளர்ந்தபின் அதனையே துண்டித்து அயலாருக்கும் கொடுக்கலாம்.