காலையில் பேப்பர், மாலையில் பாலன்ஸ் ஷீட்!

பரீட்சை ஹாலில் ‘அடிஷனல் பேப்பர், சார்!’ என்று நான் கத்தியதே இல்லை. மந்தைவெளி செயின்ட் மேரீஸ் ரோட்டில் மட்டும் தினமும் விடிகாலை 5 மணிக்கு ‘பேப்பர்!’ என்று கத்தியிருக்கிறேன். அப்போது ப்ளஸ் ஒன், காமர்ஸ் குரூப். சைக்கிள் இரவல்.

எல்லாம் என்.எஸ்.எஸ். முகாமுக்காக. காந்தி நூற்றாண்டான 1969-ல் ஆரம்பித்த திட்டம் அது. வருஷத்துக்கு 120 மணி நேர சேவை. தவிர, ஏழு நாள் முகாம். போர்வை, டார்ச், கைச்செலவு என்று வீட்டில் கேட்க வாய் வரவில்லை. அப்பாவுக்கு அந்த மாசம் சம்பளமே வரவில்லை.

பற்று-வரவு பாடத்தில் தூங்கி வழிந்தேன்.

“என்னடா, நைட் டியூட்டியா?” என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது.

“இல்ல சார், பேப்பர் போடறேன்.”

சிரிப்பு நின்றது. அன்று மாலையே என்னை உட்கார வைத்து, விட்ட பாடத்தை முழுக்க நடத்தினார்.

முகாமில் ஏரிக்கரையில் மண் அள்ளினோம். எங்கள் வயசுப் பையன் ஒருத்தன் வேடிக்கை பார்த்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்.

“எவ்ளோ கூலிண்ணே?”

“கூலியெல்லாம் இல்லப்பா, சேவை.”

“ஸ்கூல்ல இருந்தா இதையெல்லாம் ஓசில செய்யலாமா!” என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை; ஏக்கம்தான்.

1986-ம் வருஷச் சட்டத்தை 2016-ல் இறுக்கினார்கள். 14 வயசு வரை, பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற விலக்குகள் தவிர, வேலை கூடாது. 18 வரை ஆபத்தான வேலை கூடாது. சரிதான். ஆனால் வகுப்பில் தூங்குகிறவனை எந்தச் சட்டம் எழுப்பும்?

நாளைக்குப் பேப்பர் லேட்டானால், “ஏம்ப்பா லேட்டு?” என்று எகிறாதீர்கள். “எத்தனாவது படிக்கிறே?” என்று கேளுங்கள், சார்!